குறிப்பேடும் கதாநாயகனும்
த.செ. ஞானவேலின் திரையெழுத்தை முன்வைத்துச் சில கேள்விகள்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலைப் பத்திரிகைக்கு நான் பகுதிநேர நிருபராக இருந்தேன். பத்திரிகையின் பெயர் இங்கே வேண்டாம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை என் ஏரியா. வேலை சுலபம். காலையில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டும். ரைட்டர் சொல்வதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பதினோரு மணிக்குள் ஆபீசுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்ட வேண்டும். செய்தி அச்சாகி மாலையில் கல்மண்டபம் மார்க்கெட் வாசலில் தொங்கும்.

ஒருநாள் ரைட்டர் சொன்ன பெயர் என் தெருப் பையனுடையது. கேரம் போர்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஆடியவன். ஹார்பருக்குள் போய்வரும் டிரெய்லர் லாரியில் கிளீனர். அடிதடி ஒன்றில் அவன் பெயரும் சேர்ந்திருந்தது. ரைட்டர் சொன்னது போலவே எழுதினேன்: 'பிரபல ரவுடி கைது'. மறுநாள் அவனுடைய அம்மா பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். திட்டவில்லை. 'இன்னாப்பா, உனுக்குத் தெரியாதா அவன? எப்பப்பா பிரபலமானான்?' என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அந்த வேலையை விட்டு நாளாகிவிட்டது. ஆனால் பத்திரிகையாளர்கள் திரைக்கு எழுதப் போகும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வருகிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று எழுதிய குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு ஒருவன் சினிமாவுக்கோ தொலைக்காட்சிக்கோ போனால் அந்தக் குறிப்பேடு என்ன ஆகிறது? அதிலிருந்து எதை எடுக்கிறார்கள், எதைக் கிழித்துப் போடுகிறார்கள்? இதற்கு எழுதுபவரின் நல்ல மனசை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. தயாரிப்பு யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

2

தமிழில் பத்திரிகையிலிருந்து திரைக்கு ஒரு நீண்ட பாதை போடப்பட்டிருக்கிறது. அதில் சமீப வருஷங்களில் அதிகம் நடந்தவர்கள் விகடன்காரர்கள். பாஸ்கர் சக்தி தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதினார். 'வெண்ணிலா கபடிகுழு'வுக்கு (2009) வசனம் எழுதினார். அவர் கதை 'அழகர்சாமியின் குதிரை' (2011) ஆனது. ராஜுமுருகன் 'ஜோக்க'ரில் (2016) ஒரு கழிப்பறைத் திட்டத்தின் ஊழலைக் கதையாக்கினார். த.செ. ஞானவேல் அதே பாதையில் வந்தவர். ஆனந்த விகடனில் பத்திரிகையாளர். ராதாமோகனின் 'பய'ணத்துக்கு (2011) வசனம். பிறகு 'கூட்டத்தில் ஒருவன்' (2017), 'ஜெய் பீம்' (2021), 'வேட்டையன்' (2024) என்று மூன்று படங்களின் இயக்குநர்.

நான் ஞானவேலை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், குறிப்பேடு என்ன ஆகிறது என்பதை அவருடைய கடைசி இரண்டு படங்களில் கண்ணெதிரே பார்க்கலாம். இரண்டும் போலீஸ் ஸ்டேஷனைப் பற்றிய பிரதிகள். முதலாவதில் நிருபர் வாசலைத் தாண்டி லாக்கப்புக்குள் போகிறார். இரண்டாவதில் அவர் மறுபடி வெளியே வந்து துப்பாக்கிக்குப் பின்னால் நின்று பார்க்கிறார்.

3

'ஜெய் பீம்' 2021 நவம்பர் 2 அன்று பிரைம் வீடியோவில் வந்தது. தியேட்டருக்கு வரவில்லை. எங்கள் தெருவில் சந்தா கட்டியிருந்த ஒரு வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். ஆக, அது எங்களுக்குத் தொலைக்காட்சியாகத்தான் வந்தது.

முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். கிளைச் சிறை வாசல். விடுதலையாகி வருகிறவர்களிடம் சாதி கேட்கப்படுகிறது. ஆதிக்க சாதிக்காரன் வீட்டுக்குப் போகலாம். இருளரும் குறவரும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஓரமாக நிற்க வேண்டும். துப்பு கிடைக்காமல் கிடக்கும் வழக்குகளுக்கு ஆள் தேடி வந்த போலீஸ்காரர்கள், சந்தையில் ஆடு பிடிப்பது மாதிரி, அவர்களைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இதில் வில்லன் கிடையாது, கதாநாயகன் கிடையாது. ஓர் எந்திரம் எப்படி ஓடுகிறது என்பது மட்டும் காட்டப்படுகிறது. ஒரு வழக்கை முடிக்க ஓர் உடம்பு தேவை. அந்த உடம்பை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருப்பது சாதி. இதை ஒரு நிருபர்தான் எழுத முடியும். கற்பனையால் எட்டுகிற இடமல்ல அது.

ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறை பற்றிய நூலில் இதைத்தான் வேறு நிலத்திலிருந்து சொன்னார். சிறைச்சாலை குற்றவாளியை ஒழிப்பதில்லை. 'குற்றவாளி' என்ற வகைமாதிரியை உற்பத்தி செய்கிறது. பத்திரிகையின் அன்றாடக் குற்றச்செய்தி அந்த வகைமாதிரியை வீட்டு வாசல் வரை கொண்டுவந்து சேர்த்து, போலீஸ் கண்காணிப்பைச் சகஜமாக்குகிறது. நம்மூரில் இதற்குச் சட்டமே இருந்தது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டமும், சென்னை மாகாணத்தில் 1911 சட்டத்தின் கீழ் குறவர் உள்ளிட்டோர் மேல் விழுந்த முத்திரையும் 1952இல் நாடெங்கும் ரத்தானதாகச் சொல்கிறார்கள். சட்டம் போனது, பதிவேடு போகவில்லை. இன்று அது 'சரித்திரப் பதிவேடு' என்று ஸ்டேஷன் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதியவர்களில் நானும் ஒருவன்.

இவ்வளவு தெளிவாகத் தொடங்கிய படம் அடுத்து எங்கே போகிறது? 1993இல் அன்றைய தென்னாற்காடு பகுதியின் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராஜாகண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். மனைவி பார்வதி விடாமல் போராடினார். மார்க்சிஸ்ட் கட்சியின் உள்ளூர்த் தோழர்கள் வருஷக்கணக்கில் வழக்கைச் சுமந்தார்கள். வழக்கறிஞர் கே. சந்துரு (2006 முதல் 2013 வரை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர்) ஆட்கொணர்வு மனுவை நடத்தினார். 2006இல் உயர்நீதிமன்றம் போலீஸ்காரர்களைத் தண்டித்தது. நிஜத்தில் இது பலருடைய வேலை. பதின்மூன்று வருஷ வேலை. படத்தில் 164 நிமிஷம். பெரும்பாலும் ஒருவருடைய வேலை. தோழர்களும் செங்கொடியும் இருக்கிறார்கள், பின்னணியில். செங்கேணியை வக்கீலிடம் அழைத்துப் போகும் இடம் ஓர் ஆசிரியைக்குத் தரப்படுகிறது. மிச்ச எல்லாம் சந்துருவாக நடிக்கும் சூர்யாவின் தோளில்.

இன்னொரு மாற்றம் இதைவிடச் சிக்கலானது. ராஜாகண்ணு குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர். படம் அவரை இருளராக்கியது. இருளர் மேல் நடக்கும் போலீஸ் வன்முறையும் உண்மை. அதையும் சேர்த்துச் சொல்ல நினைத்திருக்கலாம். ஆனால் அதன் பொருளாதார விளைவைப் பாருங்கள். படத்தைத் தயாரித்தவர்கள் இருளர் கல்விக்கென ஒரு கோடி ரூபாய் கொடுத்தார்கள். கொல்லப்பட்டவரின் மனைவி சேதி வெளியே வந்த பிறகுதான் பார்வைக்கு வந்தார். அவர் பெயரில் சூர்யா பத்து லட்ச ரூபாய் வைப்புத்தொகை போட்டார். பெயரை மாற்றினால் காசு போகும் விலாசமும் மாறிவிடுகிறது. ஒரு நிருபர் பெயரையும் ஊரையும் மாற்றி எழுதினால் ஆபீசில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். சினிமாவில் அதற்குப் பெயர் திரைக்கதை.

வேடிக்கை என்னவென்றால், ஊர் இந்தக் கேள்வியைக் கேட்கவேயில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியின் அக்னிக் குறியைப் பற்றித்தான் சண்டை நடந்தது. அது மாற்றப்பட்டது, ஞானவேல் வருத்தம் தெரிவித்தார். லாக்கப்பை மறந்து காலண்டரைப் பார்த்த ஒரு மாசம் அது.

நான் படத்தைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கடைசிக் காட்சியில் அந்தச் சின்னப்பெண் நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் பேப்பரை விரித்துப் படிக்கிறாள். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் பேச்சு வரவில்லை. ஆனால் பேப்பரோடு வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு சந்தேகம் மிஞ்சியது: அவள் விரித்த அந்தப் பேப்பரில் அவளுடைய அப்பாவைப் பற்றி என்ன எழுதியிருக்கும்?

4

இங்கே ஒரு வெளியூர்க்காரரைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் துறைமுக நகரமான பால்டிமோரில் டேவிட் சைமன் 1982 முதல் 1995 வரை 'பால்டிமோர் சன்' நாளிதழில் போலீஸ் செய்தி எழுதியவர். நான் நின்ற அதே மாதிரி வாசல்தான். 1988இல் ஒரு வருஷம் கொலைப்பிரிவுத் துப்பறிவாளர்களோடு கூடவே திரிந்து 1991இல் 'ஹோமிசைட்' என்ற நூலை எழுதினார். அது தொலைக்காட்சித் தொடரானது. பிறகு, முன்பு துப்பறிவாளராகவும் பள்ளி ஆசிரியராகவும் இருந்த எட் பர்ன்ஸோடு சேர்ந்து போதைமருந்து விற்கும் ஒரு தெருமுனையைப் பற்றி 1997இல் 'தி கார்னர்' எழுதினார். அடுத்து வந்தது 'தி வயர்': 2002 முதல் 2008 வரை, ஐந்து பருவங்கள், அறுபது பகுதிகள்.

நண்பர் ஒருவர் பென் டிரைவில் கொடுத்துத்தான் பார்த்தேன். 2003இல் வந்த இரண்டாம் பருவம் துறைமுகத்தைப் பற்றியது. பார்த்தபோது ராயபுரம் நாலாம் கேட் வழியாக உள்ளே போன மாதிரி இருந்தது. கப்பல் குறைந்துபோய் வேலைநாள் சுருங்கிய ஒரு தொழிற்சங்கம். அதன் தலைவர் ஃபிராங்க் சொபோட்கா கண்டெய்னர்களைக் கணக்கில் காட்டாமல் வெளியே விட்டுக் காசு வாங்குகிறார். காசு தனக்கில்லை, கால்வாயைத் தூர்வாரவும் தானியத் துறையை மீண்டும் திறக்கவும் அரசியல்வாதிகளுக்குக் கொடுக்க. ஒரு காட்சியில் ஆளில்லாமல் எந்திரங்களே சரக்கு இறக்கும் ராட்டர்டாம் துறைமுகத்தின் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்தத் தலைவரின் முகத்தில் வில்லத்தனம் எதுவும் தெரியாது. காலாவதியான ஒரு மனுஷனின் கலவரம் தெரியும். கடைசியில் தானியத் துறை இருந்த இடம் பணக்காரக் குடியிருப்பாகிறது.

இங்கே 1983இல் கண்டெய்னர் முனையம் வந்தது. 2001இல் அது தனியார் கைக்குப் போனது. மூட்டை தூக்கிய தலைமுறை எப்படி டிரெய்லர் கிளீனர் தலைமுறையானது, கிளீனர் எப்படி 'பிரபல ரவுடி' ஆனான் என்பதற்கு நம்மிடம் ஒரு தொடர் கிடையாது. 'வட சென்னை'யும் (2018) 'சார்பட்டா பரம்பரை'யும் (2021) இந்த நிலத்தின் மனிதர்களைத் தந்தன, அதை மதிக்கிறேன். ஆனால் கூலிச்சீட்டு, ஷிப்டு, ஒப்பந்தக்காரர் என்ற கணக்கு இன்னும் திரைக்கு வரவில்லை.

சைமனால் எப்படி முடிந்தது? 'அவர் ஜீனியஸ் சார்' என்பது சோம்பேறித்தனமான பதில். மூன்று காரணங்கள் சொல்வேன். ஒன்று, அங்கே அந்தத் தொடரை உருவாக்கிய எழுத்தாளரே அதன் நிர்வாகத் தயாரிப்பாளர், நடிகர் அல்ல. இரண்டு, விளம்பரத்தை நம்பாத சந்தாத் தொலைக்காட்சி. மூன்று, அவர் தனியாகப் போகவில்லை. அதே பத்திரிகையில் வேலை பார்த்த ரஃபேல் அல்வாரெஸ், வில்லியம் ஸோர்ஸி போன்றவர்களையும் எழுத்துமேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அல்வாரெஸின் அப்பா இழுவைப் படகில் வேலை செய்தவர். துறைமுகம் எழுத்துமேசைக்குள் அப்படி நுழைந்தது.

நேரம் இருந்தது என்பதை நான் காரணமாகச் சேர்க்கவில்லை. நேரம் நம்மிடமும் நிறைய இருந்தது. 'கோலங்கள்' ஆயிரத்து ஐந்நூறு பகுதிகளுக்கு மேல் ஓடியது. 'மெட்டி ஒலி' 811 பகுதிகள். பால்டிமோரைவிடப் பல மடங்கு நேரத்தை நம் தொலைக்காட்சி கையில் வைத்திருந்தது. அதை வீட்டுக் கூடத்துக்குள் பூட்டிவைத்தது. கூடத்திலிருந்து வேலைக்குப் போகிற அப்பா எங்கே போகிறார், என்ன வேலை செய்கிறார் என்று கேமரா அவர் பின்னால் போனதே இல்லை.

சைமனைக் கும்பிடச் சொல்லவில்லை. அவரும் போலீஸ் தோளுக்கு மேலிருந்துதான் அந்த நகரத்தைப் பார்க்கத் தொடங்கினார். துறைமுகப் பருவத்தில் ஒரு கண்டெய்னரில் பதின்மூன்று பெண்கள் பிணமாகக் கிடக்கிறார்கள். வழக்கு நகர்கிறது, அந்தப் பெண்களுடைய கதை நகர்வதில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தார்: ஐந்தாம் பருவத்தில் தன் பழைய பத்திரிகையின் பெயரையே வைத்து, பத்திரிகையைக் கூண்டில் ஏற்றினார். பொய் எழுதும் நிருபர் பரிசு வாங்குகிறார். தெருவே அறிந்த ஒருவனின் சாவு, இடமில்லை என்று பக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. எழுதியவன் தன் கையையும் காட்டினான். தமிழில் திரைக்குப் போன எந்தப் பத்திரிகையாளரும் இன்னும் தன் பழைய மேசையை இப்படித் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

5

இப்போது 'வேட்டையன்'. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன்பின் சென்னைப் போலீஸ் ஜூலை 14 அன்று மாதவரம் பக்கத்திலும், செப்டம்பர் 18 அன்று வியாசர்பாடியிலும், செப்டம்பர் 23 அன்று நீலாங்கரைப் பக்கத்திலும் மூன்று பேரைச் சுட்டுக்கொன்றது. மூன்று முறையும் அதே வாக்கியம்: தப்பிக்கப் பார்த்தான், தாக்கினான், தற்காப்புக்காகச் சுட்டோம். நான் எழுதிய காலத்திலும் இதே வாக்கியம்தான். மாற்றி எழுதினால் ரைட்டருக்கே அடையாளம் தெரியாது.

அக்டோபர் 10 அன்று 'வேட்டையன்' வந்தது. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு தியேட்டரில் பார்த்தேன். படத்தின் வாதம் சரியானது; சொல்லப்போனால் துணிச்சலானது. ஓர் ஆசிரியை கொல்லப்படுகிறார். ஊர் கொதிக்கிறது. உடனடி நீதி கேட்கும் கூச்சலில், என்கவுன்ட்டருக்குப் பேர்போன அதிகாரி குணா என்ற ஏழைப் பையனைச் சுட்டுவிடுகிறார். பிறகு தெரிகிறது, அவன் நிரபராதி. அமிதாப் பச்சன் நடிக்கும் நீதிபதி, அவசரமாக வழங்கும் நீதி நீதியே இல்லை என்று வாதாடுகிறார். உண்மையான குற்றம் ஒரு கோச்சிங் வியாபாரத்தின் வாசலில் போய் முடிகிறது. அந்த வேளையில் இவ்வளவையும் ஒரு ரஜினி படத்துக்குள் கொண்டுபோனது சின்ன வேலையா? இல்லை.

ஆனால் தியேட்டரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் பாதியில் குணா சுடப்பட்டபோது என்னைச் சுற்றி விசில் பறந்தது. விசிலடித்தவர்கள் யார்? எங்க ஏரியா பசங்கதான். வண்டியை நிறுத்தி போலீஸ் 'எந்த ஏரியாடா?' என்று கேட்டால் 'காசிமேடு' என்று சொல்லத் தயங்குகிற பசங்க. குணா அவர்களில் ஒருவன் என்று படம் பிறகு சொன்னபோது ஹால் அமைதியானது. அமைதிதான், ஆனால் அந்த அமைதியையும் வசூலித்துக்கொண்டவர் சுட்டவரே. குற்றவுணர்வு அவருடையது, மனமாற்றம் அவருடையது, திருத்தமும் அவருடையது. குணாவுக்கு எஞ்சியது நிரபராதி என்ற சான்றிதழ். 'ஜெய் பீ'மில் செங்கேணிக்காவது நடக்கக் கால் இருந்தது. வயிற்றில் பிள்ளையோடு ஊர் ஊராக நடந்தாள். இங்கே செத்தவனின் வீட்டாருக்கு அழுகையைத் தவிர வேறு வேலை தரப்படவில்லை.

இதை ஞானவேலின் வீழ்ச்சி என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுத மாட்டேன். இரண்டு படங்களுக்கும் ஒரே இலக்கணம். 'ஜெய் பீ'மில் நடிகரே தயாரிப்பாளர். நல்ல மனசோடு தயாரித்தார். அவர் இல்லாமல் அந்தப் படமே இல்லை. 'வேட்டைய'னில் நட்சத்திரத்தின் சந்தை மதிப்பே தயாரிப்பு. இரண்டிலும் குறிப்பேட்டிலிருந்து ஒரு 'வழக்கு' எடுத்துக்கொள்ளப்படுகிறது. அந்த வழக்கை முடித்துவைக்க ஒரு ரட்சகர் வருகிறார். ஒரு தடவை கறுப்புக் கோட்டில், ஒரு தடவை காக்கியில். கோட்டுக்கும் காக்கிக்கும் உள்ள வித்தியாசம் பெரிதுதான். ஆனால் இரண்டிலுமே, எந்திரம் எப்படி ஓடுகிறது என்ற கேள்வியின் இடத்தில் யார் காப்பாற்றுவார் என்ற கேள்வி வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சிலர் கேட்கலாம்: 'நட்சத்திரம் இல்லாட்டி இந்த விஷயம் கோடிப் பேருக்குப் போய்ச் சேருமா?' நியாயமான கேள்வி. சேராது. ஆனால் போய்ச் சேருவது எது என்று பாருங்கள். விசில் முதலில் சேருகிறது. வாதம் பின்னால் நொண்டி நொண்டி வருகிறது.

6

எழுதத் துடிக்கும் நண்பர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். யூடியூபுக்கு நேர்காணல் எடுக்கிறார்கள்; ஓடிடிக்குக் கதை சொல்லப் போகிறார்கள். 'வட சென்னைன்னா ஒரு கேங்ஸ்டர் சப்ஜெக்ட் இருக்கா?' என்றுதான் அங்கே முதல் கேள்வி வருகிறதாம். அவர்களுக்கு நான் சொல்வது இது. கொலையிலிருந்து தொடங்காதீர்கள், அது ரைட்டர் நமக்குக் கொடுத்த முதல் வரி. வேலையிலிருந்து தொடங்குங்கள். 2011 அக்டோபரோடு உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. ராயபுரத்து மொட்டைமாடிகளில் காயப்போட்ட துணியில் கரி படிவது குறைந்தது. நல்லதுதான். அந்தக் கரி எண்ணூருக்குப் போனது. அதைத் தூக்கிய ஆட்கள் எங்கே போனார்கள்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அதே மாசம் 26ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இதற்கெல்லாம் எந்த ஸ்டேஷனில் எவன் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்திருக்கிறது? இதில் ஐந்து பருவம் எழுதலாம். கதாநாயகன் கிடைக்க மாட்டான். தயாரிப்பாளரும் உடனே கிடைக்க மாட்டார்; நாம் நாலு பேர் சேர்ந்து ஒரு மேசை போடும் வரை கிடைக்கவே மாட்டார்.

அந்தப் பையன் இப்போது இல்லை. போலீஸ் சுடவில்லை, எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு நேர டிரெய்லர் வரிசையில் நடந்த விபத்து. அதற்கு நான் செய்தி எழுதவில்லை, அப்போது நான் நிருபராக இல்லை. மறுநாள் பேப்பரில் இரண்டு வரி வந்திருந்தது. 'லாரி கிளீனர் பலி' என்று போட்டிருந்தார்கள். பெயர் இல்லை. பிரபலம் என்ற சொல்லும் இல்லை.

அவனுடைய அம்மா இன்னமும் கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். என்னைப் பார்த்தால் பேசுவார், மீனும் கொடுப்பார். பேப்பரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை.